பாட்டு எழுதியவர் பெயர் எங்கே போனது? உங்கள் பாட்டுச் சேமிப்புக்குச் சொந்த டேக் ஏன் வேண்டும்

உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் பாரதியார் எழுதிய பாடல்கள் எத்தனை இருக்கின்றன? பத்தாயிரம், இருபதாயிரம் பாட்டு சேர்த்து வைத்திருப்பவர்களிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். ஞாபகத்தில் இருந்து ஏழெட்டுப் பாட்டைச் சொல்லிவிடுவார்கள். கணினியைக் கேட்டுச் சொல்லுங்கள் என்றால் விழிப்பார்கள்.

காரணம் எளிது. ‘கப்பலோட்டிய தமிழன்’ (1961) பாடல்கள் ஜி.ராமநாதன் ஃபோல்டரில் கிடக்கும். ‘ஏழாவது மனிதன்’ (1982) எல்.வைத்தியநாதன் பெயரில் இருக்கும். ‘பாரதி’ (2000) இளையராஜாவின் நூற்றுக்கணக்கான படங்களுக்கு நடுவே எங்கோ. மூன்று படம், மூன்று இசையமைப்பாளர், எழுதியவர் ஒருவர். அந்த ஒருவர் பெயர்தான் எந்தக் கோப்பிலும் இல்லை. சரி, ‘பாரதி’ படத்துப் பாட்டு எல்லாவற்றுக்கும் மொத்தமாகப் பாரதியார் என்று போட்டுவிடலாமா? அதுவும் முடியாது. பவதாரிணிக்குத் தேசிய விருது வாங்கித் தந்த பாட்டு அந்தப் படத்தில்தான் இருக்கிறது; அதை எழுதியவர் மு.மேத்தா. படத்துக்கு ஒரு பெயர் என்று போனால் ஒருவரை வாழவைக்க இன்னொருவரை அழித்துவிடுவோம். ஒவ்வொரு பாட்டுக்கும் தனித்தனியாகத்தான் எழுத வேண்டும்.

எங்கே எழுதுவது? அதற்குத்தான் டேக்.

128 பைட்டில் தொடங்கிய கதை

எம்பி3 கோப்பு என்பது வெறும் ஒலி. அதில் பாட்டின் பெயர், பாடியவர் பெயரை எழுதி வைக்க ஆரம்பத்தில் இடமே கிடையாது. 1996-இல் ஐடி3 என்ற ஏற்பாடு வந்தது. கோப்பின் வாலில் 128 பைட் ஒட்டவைத்து, அதில் பாட்டின் பெயருக்கு 30, பாடியவருக்கு 30, ஆல்பத்துக்கு 30, ஆண்டுக்கு 4, குறிப்புக்கு 30 என்று பங்கு பிரித்தார்கள். இசை வகைக்கு ஒரே ஒரு பைட். அந்த ஒரு பைட்டுக்கு முதலில் 80 வகைகள் கொண்ட பட்டியல் ஒன்று இருந்தது. அதில் போல்கா உண்டு, ஆசிட் ஜாஸ் உண்டு. கர்நாடக இசை இல்லை.

30 பைட் என்பது எவ்வளவு என்று தமிழில் கணக்குப் போட்டால் சிரிப்பு வரும். இன்று நாம் பயன்படுத்தும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட் ஆகும். ஆக மொத்தம் 10 குறியீடு. கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனிக் குறியீடு என்பதால் ‘இளையராஜா’ 8 குறியீட்டில் தப்பித்துவிடுவார், எம்.எஸ்.விஸ்வநாதன் பாதியிலேயே நின்றுவிடுவார். அது போகட்டும், அந்த முதல் ஏற்பாடு தமிழை மனதில் வைத்துச் செய்யப்பட்டதே இல்லை.

1998-இல் வந்த இரண்டாம் பதிப்பு நிலைமையை மாற்றியது. இடப் பஞ்சம் தீர்ந்தது, யூனிகோட் வந்தது, இசையமைத்தவருக்கு ஒரு பெட்டி, பாட்டெழுதியவருக்கு ஒரு பெட்டி என்று தனித்தனியாக வைத்தார்கள். எல்லாவற்றையும்விட முக்கியமாக, ‘உனக்கு வேண்டியதை நீயே பெயர் வைத்து எழுதிக்கொள்’ என்று ஒரு காலிப் பெட்டியும் கொடுத்தார்கள். டி.எக்ஸ்.எக்ஸ்.எக்ஸ் என்பது அதன் அதிகாரப்பூர்வப் பெயர். ராகம், தாளம், நடிகர், பக்கவாத்தியம் என எதை வேண்டுமானாலும் அதில் போடலாம். ஃபிளாக் கோப்புகளில் இன்னும் சுலபம்: பெயர், சமக்குறி, மதிப்பு. அவ்வளவுதான்.

பாட்டெழுதியவருக்கான பெட்டி கால் நூற்றாண்டாக இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். இடம் இருந்தும் நம் கோப்புகளில் அது காலியாகவே கிடக்கிறது. யாரும் நிரப்பவில்லை. பாட்டைக் கள்ளத்தனமாக ஏற்றிய தளங்கள் நிரப்பியதெல்லாம் தங்கள் தள முகவரியைத்தான். பாட்டின் பெயரில் ஒரு முறை, பாடியவர் பெயரில் ஒரு முறை, ஆல்பத்தில் ஒரு முறை, போதாக்குறைக்கு அட்டைப் படத்திலும் ஒரு முறை. ஊரில் சுவர் கிடைத்தால் விளம்பரம் எழுதுவார்களே, அதேதான்.

சினிமாப் பாட்டுக்கு மேற்கத்திய சட்டை

டேக் ஏற்பாட்டை வகுத்தவர்கள் மனதில் இருந்தது ராக் இசைக் குழு. ஒரு குழு, ஒரு ஆல்பம், பத்துப் பாட்டு. பத்தையும் பாடியவர் அதே குழு. நம் படப் பாட்டு அப்படியா? ஒரு படத்தில் ஆறு பாட்டு, ஆறையும் வேறு வேறு ஆட்கள் பாடியிருப்பார்கள். இதை அப்படியே பிளேயரில் போட்டால் ஒரு படம் ஆறு ஆல்பமாகச் சிதறும். ‘ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்’ என்ற பெட்டியில் இசையமைப்பாளர் பெயரைப் போட்டால்தான் ஆறும் ஒன்று சேரும். பாடியவர் ‘ஆர்ட்டிஸ்ட்’ பெட்டியில், இசையமைப்பாளர் ‘கம்போஸர்’ பெட்டியிலும் ‘ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்’ பெட்டியிலும், எழுதியவர் ‘லிரிசிஸ்ட்’ பெட்டியில். இந்த நான்கையும் ஒழுங்காகப் போட்டாலே பாதி வேலை முடிந்தது.

அடுத்தது படத்தின் பெயர். நம் தயாரிப்பாளர்களுக்குப் பழைய தலைப்பு மேல் இருக்கும் காதல் தெரிந்ததுதானே. ‘ஆயிரத்தில் ஒருவன்’ 1965-இலும் உண்டு, 2010-இலும் உண்டு. ‘பில்லா’ 1980, 2007. ‘படிக்காதவன்’ 1985, 2009. ‘விக்ரம்’ இன்னும் வேடிக்கை. 1986, 2022 இரண்டிலும் நாயகன் கமல்ஹாசனே. ஆல்பம் பெயரில் ஆண்டைச் சேர்த்து எழுதாவிட்டால் இளையராஜாவும் அனிருத்தும் ஒரே பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பார்கள். ‘விக்ரம் 1986’ என்று எழுதுங்கள். அழகாக இல்லாவிட்டாலும் வேலை செய்யும்.

ஆண்டு விஷயத்தில் இன்னொரு பொறி உண்டு. ‘சூப்பர் ஹிட்ஸ்’ வகைத் தொகுப்பு சி.டி.யில் இருந்து எடுத்த பாட்டில் சி.டி. வந்த ஆண்டுதான் இருக்கும். அறுபதுகளின் பாட்டு இரண்டாயிரத்தில் பிறந்ததுபோல நிற்கும். படம் வெளியான ஆண்டுதான் நமக்கு வேண்டியது. ‘முதலில் வெளியான ஆண்டு’ என்று ஐடி3-யில் தனிப் பெட்டியே உண்டு. பிளேயர்கள் அதைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை என்பதால் சாதாரண ஆண்டுப் பெட்டியிலேயே திருத்திவிடுவது மேல் என்பது என் கட்சி.

இரட்டையர்களை என்ன செய்வது? விஸ்வநாதன் – ராமமூர்த்தி 1965 வரை சேர்ந்து இசையமைத்தார்கள், பிறகு பிரிந்தார்கள். எம்.எஸ்.வி. என்று தேடினால் இருவரும் சேர்ந்து செய்ததும் வர வேண்டும், அவர் தனியாகச் செய்ததும் வர வேண்டும். எனவே அவர்களை இரண்டு தனி மதிப்பாகப் போட வேண்டும். சங்கர் – கணேஷுக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஒரே பெயராக வைத்தால் போதும். இதற்கெல்லாம் மென்பொருள் விதி சொல்லாது. பாட்டு தெரிந்தவர் முடிவெடுக்க வேண்டும். டேக் வேலையை ‘தானாகச் செய்துவிடும்’ செயலிகளை நான் முழுதாக நம்பாததற்கு இதுதான் காரணம்.

‘சிந்து பைரவி’ என்ற பரீட்சை

உங்கள் டேக் ஏற்பாடு சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு பாட்டு போதும். 1985-இல் வந்த ‘சிந்து பைரவி’யில் சித்ரா பாடிய ‘பாடறியேன்’. வைரமுத்து எழுதிய நாட்டுப்புற நடையில் தொடங்கி, தியாகராஜரின் ‘மரி மரி நின்னே’ கீர்த்தனைக்குள் போய் முடிகிற பாட்டு அது. தியாகராஜர் கீர்த்தனை வழக்கமாகப் பாடப்படுவது காம்போதியில். இளையராஜா அதைச் சாரமதியில் அமைத்தார்.

இப்போது சொல்லுங்கள், ‘கம்போஸர்’ யார்? கர்நாடக இசைக் கோப்புகளில் அந்தப் பெட்டியில் தியாகராஜர் இருப்பார். படப் பாட்டில் இளையராஜா இருப்பார். எழுதியவர் வைரமுத்துவா, தியாகராஜரா? ராகப் பெட்டியில் காம்போதி எழுதினால் பிழை. சாரமதி என்று மட்டும் எழுதினால் நாளைக்கு ‘மரி மரி’யைக் காம்போதியில் தேடுகிறவருக்கு இது தட்டுப்படாது.

என் விடை இது: இசை – இளையராஜா. எழுதியவர் – வைரமுத்து, தியாகராஜர் என இரண்டு மதிப்பு. ராகம் – சாரமதி. ‘மூலம்’ என்று சொந்தமாக ஒரு டேக், அதில் ‘மரி மரி நின்னே, தியாகராஜர், காம்போதி’. நீங்கள் வேறு விதமாகப் போடலாம், அதில் தப்பில்லை. ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளாமல் இருபதாயிரம் பாட்டுக்கு டேக் போட உட்கார்ந்துவிடாதீர்கள்.

‘குறையொன்றும் இல்லை’யும் இதே ரகம். எழுதியவர் ராஜாஜி, மெட்டமைத்தவர் கடையநல்லூர் வெங்கட்ராமன், உலகறியப் பாடியவர் எம்.எஸ்.சுப்புலட்சுமி. பெரும்பாலான கோப்புகளில் ‘கம்போஸர்: ராஜாஜி’ என்று மட்டும் இருக்கும். மெட்டுப் போட்டவர் காணாமல் போனார். ராகமும் ஒன்றல்ல, சிவரஞ்சனி, காபி, சிந்துபைரவி என்று மூன்று. ராகமாலிகை என்று ஒற்றை வார்த்தையில் எழுதி முடித்தால் காபி ராகப் பாட்டுகளைத் தேடும்போது இது வராது.

எத்தனை டேக் போதும்?

ஆர்வக்கோளாறில் நாற்பது டேக் உருவாக்குபவர்கள் உண்டு. மனநிலை, மழைநாள், பயணம், காலை, கதாநாயகி, படப்பிடிப்பு நடந்த ஊர்... முதல் இருநூறு பாட்டுக்கு உற்சாகமாகப் போகும். ஆயிரத்தைத் தாண்டும்போது கை ஓயும். பாதி நிரம்பிய டேக், காலியான டேக்கைவிடக் கெடுதல். ‘மழை’ என்று தேடினால் பன்னிரண்டு பாட்டு வரும். மழைப் பாட்டே அவ்வளவுதான் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வீர்கள்.

மனநிலை டேக்கை நான் அடியோடு எதிர்க்கிறேன். இன்றைக்குச் சோகமாகத் தெரிகிற பாட்டு அடுத்த வருஷம் அப்படித் தெரியாது. அதற்குப் பிளேலிஸ்ட் போதும். டேக் என்பது யார் பார்த்தாலும் மாறாத செய்திக்கு: யார் எழுதினார், எந்த ராகம், எந்த ஆண்டு, எந்த மொழி. படப் பாட்டுக்கு வழக்கமான பெட்டிகள் போக ராகம், மூலம், திரையில் பாடும் நடிகர், எங்கிருந்து பதிவு செய்தது – நான்கு சொந்த டேக் போதும். கடைசியாகச் சொன்னது பலர் யோசிக்காதது. இசைத்தட்டில் இருந்தா, கேசட்டில் இருந்தா, சி.டி.யில் இருந்தா, வானொலியில் இருந்தா என்று குறித்து வைத்தால், பின்னால் நல்ல பதிவு கிடைக்கும்போது எதை மாற்றலாம் என்று தெரியும்.

கச்சேரிப் பதிவு என்றால் கதை வேறு. அங்கே டேக்கே கிடையாது, ‘டிராக் 01’, ‘டிராக் 02’தான். எழுபதுகளில் யாரோ ஒரு ரசிகர் டேப் ரெக்கார்டரில் எடுத்தது. டேப் உறையில் பென்சிலால் எழுதியிருந்ததை டிஜிட்டலாக்கியவர் பார்க்கவே இல்லை. இதற்கு வயலின், மிருதங்கம், கடம் என்று பக்கவாத்தியக்காரர்களுக்குத் தனித்தனி டேக், சபா, தேதி, உருப்படி வகை – வர்ணமா, கிருதியா, ராகம் தானம் பல்லவியா, தில்லானாவா – எல்லாம் வேண்டும். தேதியை ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில் எழுதினால்தான் கணினி காலவரிசையில் அடுக்கும். நாளை முதலில் எழுதினால் எல்லா வருஷத்து ஜனவரி ஒன்றும் ஒன்றாக வந்து நிற்கும்.

ராகத்துக்கு மேளகர்த்தா எண்ணையும் சேர்த்து எழுதுவது நல்ல பழக்கம். கல்யாணி, மேசகல்யாணி இரண்டும் 65தான். தோடி, ஹனுமதோடி இரண்டும் 8. சங்கராபரணத்தை எப்படி எழுதினாலும் 29. பெயர் ஊருக்கு ஊர், பாணிக்குப் பாணி மாறும், எண் கைகொடுக்கும். தீட்சிதர் சம்பிரதாயத்தில் 22 என்றால் கரகரப்பிரியா இல்லை, ஸ்ரீராகம் என்று சண்டைக்கு வருபவர்கள் இருக்கிறார்கள். வரட்டும், எந்த முறைப்படி எழுதினோம் என்று ஒரு குறிப்பை வைத்துக்கொண்டால் போதும்.

கண்ணுக்குத் தெரியாத எழுத்துப் பிழை

இதுதான் பெரிய சேமிப்புகளை உள்ளுக்குள் அரிக்கிற கரையான்.

ஆங்கிலத்தில் எழுதினால் இளையராஜாவுக்கு நான்கைந்து எழுத்துக்கூட்டல், எஸ்.பி.பி.க்கு அதைவிட அதிகம், சுசீலாவுக்கு இரண்டு. முதலெழுத்துக்குப் பின் புள்ளியா, இடைவெளியா, இரண்டுமா என்று பார்த்தால் ஏ.ஆர்.ரஹ்மான் ஒருவரே மூன்று பேர் ஆகிவிடுகிறார். அதனால் தமிழிலேயே எழுதுவோம் என்று முடிவெடுப்பீர்கள். நல்ல முடிவு. ஆனால் தமிழிலும் வலை விரித்திருக்கிறது.

‘கொ’ என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கணினிக்குள் அதை இரண்டு விதமாக எழுதலாம்: ககரத்துடன் ஒகரக் குறி ஒன்று, அல்லது ககரம், ஒற்றைக்கொம்பு, கால் என்று பிரித்து. திரையில் துளி வித்தியாசம் தெரியாது. ஆனால் சில மென்பொருள்கள் இரண்டையும் வேறு சொல்லாகவே பார்க்கும். இதைச் சரிசெய்ய யூனிகோடிலேயே ஒரு சீராக்கும் முறை உண்டு. அதைத் தெரிந்த நிரல் ஒன்றை ஓட்டினால் போதும்.

‘கௌ’ அப்படிச் சுலபமாகச் சரியாகாது. மாயாமாளவகௌளை என்று எழுத வேண்டிய இடத்தில் பலர் ககரம் போட்டு, கொம்பு போட்டு, அப்புறம் ளகரத்தைத் தட்டி ‘கெள’ என்று வைத்துவிடுகிறார்கள். படிக்கிற கண்ணுக்கு ஒன்றுதான். கணினிக்கு அது வேறு எழுத்து. எந்தச் சீராக்கமும் அதைத் தொடாது. ஔவையாரை ஒகரமும் ளகரமுமாக எழுதுவதும் இதே தப்பு. ‘ஸ்ரீ’ இன்னும் மோசம். ஸகரத்தில் இருந்தும் அதை உருவாக்கலாம், 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் இருந்தும் உருவாக்கலாம். பல எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே மாதிரிதான் வரைகின்றன. ஸ்ரீரஞ்சனி ராகம் உங்கள் பட்டியலில் இரண்டு முறை வந்தால் காரணம் இதுதான்.

இதோடு பெயர்க் குழப்பமும் சேரும். பி.பி.ஸ்ரீநிவாஸ் ஒருவர், ரஹ்மான் காலத்தில் பாட வந்த ஸ்ரீனிவாஸ் ஒருவர், மாண்டலின் யு.ஸ்ரீநிவாஸ் ஒருவர். நகரமா னகரமா, ஸகரமா ஶகரமா, முதலெழுத்து உண்டா இல்லையா என்று பெருக்கிப் பாருங்கள். மூன்று பேர் எத்தனை பேர் ஆவார்கள் என்று!

மருந்து ஒன்றுதான். டேக் போடுமுன் ஒரு பெயர்ப் பட்டியல் தயார் செய்யுங்கள். சாதாரண விரிதாள் போதும். பாடகர், இசையமைப்பாளர், பாடலாசிரியர், ராகம் – ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு எழுத்து வடிவம். டேக்கில் கையால் தட்டாதீர்கள், பட்டியலில் இருந்து நகலெடுத்து ஒட்டுங்கள். எந்த வடிவம் ‘சரி’ என்ற விவாதத்தில் மாதக்கணக்கில் இறங்கவும் வேண்டாம். ஒரே மாதிரி இருப்பதுதான் முக்கியம்.

மதிப்பைத் தமிழில் எழுதுங்கள், ஆனால் டேக்கின் பெயரை ஆங்கில எழுத்தில் வையுங்கள். இது ஆங்கில மோகம் இல்லை. ஃபிளாக் கோப்பின் விதிப்படி பெட்டியின் பெயர் அடிப்படை ஆங்கில எழுத்துகளில்தான் இருக்க முடியும். உள்ளே இருக்கும் மதிப்புதான் எந்த மொழியிலும் இருக்கலாம். எம்பி3 இதற்கு இடம் கொடுத்தாலும், இரண்டு வகைக் கோப்பும் கலந்து வைத்திருப்பவருக்கு ஒரே பெயர் இருப்பதுதான் நிம்மதி. ஒன்றுக்கு மேற்பட்ட மதிப்பு வந்தால் கமா போட்டுப் பிரிக்காதீர்கள். எம்பி3-யின் பழைய 2.3 பதிப்பு சாய்கோட்டைப் பிரிகுறியாக வைத்தது, 2.4 அதை மாற்றியது. இந்தக் குழப்பத்தில் பலரும் அரைப்புள்ளிக்கு வந்துவிட்டார்கள். நீங்களும் அதையே வைத்துக்கொள்ளலாம்.

கருவியும் காப்பும்

விண்டோஸில் எம்பி3டேக், ஃபூபார்2000, மியூசிக்பீ. லினக்ஸ், மேக்கில் கிட்3, பிக்கார்ட். எல்லாமே சொந்த டேக்கை எழுதவும் காட்டவும் தெரிந்தவை. ஆப்பிளின் மியூசிக் செயலி நீங்கள் உருவாக்கிய ராகப் பெட்டியைக் காட்டாது. அதனால் சிலர் ‘குரூப்பிங்’ என்ற பெட்டியில் ராகத்தை எழுதி ஒப்பேற்றுகிறார்கள். தப்பில்லை, ஆனால் அசலில் ராகம் ராகப் பெட்டியில் இருக்கட்டும், கைபேசிக்கு அனுப்பும் நகலில் மட்டும் குரூப்பிங்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கார் ஸ்டீரியோவில் தமிழுக்குப் பதில் கட்டம் கட்டமாகத் தெரிந்தாலும் இதே வழிதான். காருக்காக அசலை ஆங்கிலமாக்குபவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. கார் ஏழெட்டு வருஷத்தில் போய்விடும்.

இன்னொன்று: எதுவாக இருந்தாலும் கோப்புக்குள் எழுதுங்கள். சில பிளேயர்கள் நீங்கள் கொடுக்கும் நட்சத்திரம், கேட்ட எண்ணிக்கை போன்றவற்றைத் தங்கள் தரவுத்தளத்தில் மட்டும் வைத்துக்கொள்ளும். மென்பொருளை மாற்றினால் எல்லாம் போச்சு.

மொத்தமாக மாற்றும் வசதிதான் இந்தக் கருவிகளின் பலம், ஆபத்தும் அதுதான். ‘ராஜா’வை ‘இளையராஜா’ என்று மாற்று எனச் சொன்னால் ஏ.எம்.ராஜா ‘ஏ.எம்.இளையராஜா’ ஆகிவிடுவார். ஏற்கெனவே சரியாக இருந்த இளையராஜா ‘இளையஇளையராஜா’ ஆவார். மொத்த மாற்றத்துக்கு முன் டேக் எல்லாவற்றையும் ஒரு உரைக்கோப்பாக ஏற்றுமதி செய்து வைத்துக்கொள்ளுங்கள். சில நிமிட வேலை. பாட்டுக் கோப்புகள் நூறு ஜிபி இருந்தாலும் அந்த உரைக்கோப்பு சில எம்பிதான் வரும். மின்னஞ்சலில்கூட அனுப்பி வைக்கலாம்.

ஸ்ட்ரீமிங் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?

நியாயமான கேள்வி. மாதம் நூறு இருநூறு ரூபாய்க்கு எல்லாப் பாட்டும் கிடைக்கிறதே? கிடைக்கிறது. ஆனால் அங்கே ஒரு பாட்டின் ராகத்தை உங்களால் எழுதி வைக்க முடியாது. தப்பாக இருக்கும் பாடகர் பெயரைத் திருத்த முடியாது. உரிமம் முடிந்து பாட்டு போய்விட்டால் கேட்க முடியாது. படத் தலைப்பின் கீழ் பாட்டு, பாடியவர், இசை. எழுதியவரைப் பார்க்க வேண்டுமானால் தோண்ட வேண்டும், தோண்டினாலும் கிடைக்கும் என்ற உறுதி இல்லை.

ஒரு காலத்தில் இது நமக்குக் கஷ்டமே இல்லாத விஷயம். தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்தில் எழுதியவர், பாடியவர் எல்லாம் அச்சாகியிருக்கும். இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர்களுக்குப் படம், பாடியவர், எழுதியவர், இசை என்ற வரிசை காதிலேயே பதிந்திருக்கும். பிலிம் நியூஸ் ஆனந்தன் கணினி இல்லாமலே ஒரு துறையின் தகவல்களைக் கையால் சேர்த்தார். பெயர் சொல்லும் பழக்கம் நம்மிடம் இருந்தது. டிஜிட்டலுக்கு மாறும் அவசரத்தில் ஒலியை மட்டும் அள்ளிக்கொண்டு பெயரை வாசலிலேயே விட்டுவிட்டோம்.

பெயர் விட்டுப்போவது ரசிகனுக்கு மட்டும் நஷ்டம் என்று நினைக்க வேண்டாம். 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தில் வந்த திருத்தத்தின்படி, படப் பாட்டை எழுதியவரும் இசையமைத்தவரும் தங்களுக்கான ராயல்டி உரிமையை வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது. சட்டம் உரிமையைக் கொடுத்துவிட்டது. ஆனால் பாட்டு ஒலிக்கும்போது எழுதியவர் யார் என்று எங்கோ ஒரு பதிவில் சரியாக இருந்தால்தான் காசு போய்ச் சேரும். நம் வீட்டு ஹார்ட் டிஸ்க் டேக்கால் யாருக்கும் காசு வராது, உண்மைதான். ஆனால் நம்மால் செய்ய முடிந்த ஒன்று இருக்கிறது: மியூசிக்பிரெய்ன்ஸ் என்ற திறந்த தரவுத்தளம். யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம், திருத்தலாம், எடுத்துப் பயன்படுத்தலாம். ஒரு பாட்டுக்கு எழுதியவர், இசையமைத்தவர் மட்டும் அல்ல, கர்நாடக ராகத்துக்கும் தாளத்துக்கும்கூட அங்கே தனி இடம் உண்டு. பார்சிலோனாவில் இருக்கும் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தின் காம்ப்மியூசிக் ஆய்வுத் திட்டம் கர்நாடக இசைப் பதிவுகளின் தகவல்களை அங்கே ஏற்றியது. ஸ்பெயினில் இருப்பவர்கள் செய்ததை மயிலாப்பூரில் இருப்பவர்கள் செய்ய என்ன தடை?

உங்களிடம் உள்ள பாட்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை. பாடலாசிரியர் பெட்டி காலியாக இருக்கும் கோப்புகளை மட்டும் வடிகட்டுங்கள். பல கருவிகளில் அந்த வசதி உண்டு. கண்ணதாசன், வாலி என்று பெரிய பெயர்கள் பாட்டுப் புத்தகத்தில் இருந்தும் தொகுப்பு நூல்களில் இருந்தும் சீக்கிரம் நிரம்பிவிடும். ஆனால் ‘ஆயிரத்தில் ஒருவன்’ 1965 மாதிரி ஒரே படத்தில் கண்ணதாசனும் வாலியும் எழுதியிருந்தால் நிதானம் வேண்டும். ‘இது அவர் பாட்டு மாதிரிதான் இருக்கு’ என்று காதை நம்பி எழுதிவிடக் கூடாது. தெரியாததைக் காலியாக விடுங்கள். ஊகம் ஒரு தடவை டேக்கில் ஏறிவிட்டால், நகலெடுத்தவர் எல்லோரிடமும் அது உண்மையாகிவிடும்.

மிச்சம் இருப்பவை நாலு படம் எழுதிவிட்டு மறைந்துபோனவர்களின் பாட்டு. எந்த இணையதளத்திலும் கிடைக்காத பெயர்கள். அவற்றைத் தெரிந்தவர்கள் இன்றைக்கு எழுபது, எண்பது வயதில் இருக்கிறார்கள்; கேசட் கடை வைத்திருந்தவர், மெல்லிசைக் குழுவில் பாடியவர், உங்கள் வீட்டுப் பெரியப்பா. வடிகட்டிய பட்டியலில் ஐம்பது பாட்டை மட்டும் பெரிய எழுத்தில் அச்சிட்டு எடுத்துக்கொண்டு போங்கள். கைபேசியில் பாட்டைப் போட்டுக் காட்டவும் தயாராக இருங்கள், பல்லவியைப் படித்துக் காட்டினால் போதாது. பேனாவும் இருக்கட்டும். முதலில் கூடவே பாடத்தான் தொடங்குவார்கள். இரண்டாவது சரணம் முடிகிற சமயத்தில்தான் எழுதினவர் பெயர் வெளியே வரும்.